கடைப் பொருளில் ஈஸ்திரஜன் சோதனை: குழி சிவந்தால் என்ன அர்த்தம்?

சுப்பர்மார்க்கெட் பில்லை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். அதன் பூச்சில் பிஸ்பினோல் ஏ அல்லது பிஸ்பினோல் எஸ் இருக்க நல்ல வாய்ப்புண்டு. பெண் ஓமோனான ஈஸ்திரஜன் வந்து ஒட்டும் கலப் புரதம்தான் ஈஸ்திரஜன் ஏற்பி, இரண்டும் அதில் பலவீனமாக ஒட்டுபவை. பொருளில் ஈஸ்திரஜன்போல் செயற்படும் இரசாயனம் உண்டா என்று பார்க்கும் சோதனையைப் பழகுவதற்கு இதைவிட மலிவான மாதிரி கொழும்பில் கிடைக்காது.

மதுவத்தை (ஈஸ்ட்) வைத்துச் செய்யும் முறையை 1996இல் பிரிட்டனின் ரூட்லெட்ஜும் சம்ப்டரும் வெளியிட்டார்கள். மனித ஈஸ்திரஜன் ஏற்பியின் மரபணு மதுவக் கலத்துக்குள் புகுத்தப்பட்டிருக்கும். ஏற்பியில் ஏதாவது வந்து ஒட்டினால் கலம் ஒரு நொதியத்தைச் சுரக்கும். அந்த நொதியம் ஊடகத்தில் உள்ள சிபிஆர்ஜி என்ற மஞ்சள் பொருளைச் சிவப்பாக்கும். இந்த மதுவம் பேக்கரிக்கு வாங்குவது அல்ல, வைத்திருக்கும் ஆய்வுகூடத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

பில்லை இடுக்கியால் பிடித்து 1 சதுர சென்ரிமீற்றர் வெட்டி, கண்ணாடிக் குப்பியில் 1 மில்லிலீற்றர் எதனோலில் ஊற விடுங்கள். தாள் சுமார் 5.5 மில்லிகிராம் இருக்கும். அதில் 1 சதவீதம் பிஸ்பினோல் ஏ என்று வைத்தால் 55 மைக்ரோகிராம். 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு 10 மைக்ரோலீற்றர் விட்டு, எதனோல் முழுதாக உலர்ந்த பிறகு மதுவமும் சிபிஆர்ஜியும் கலந்த ஊடகத்தை 200 மைக்ரோலீற்றர் ஊற்றினால் குழியில் லீற்றருக்கு 2.75 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 12 மைக்ரோமோலர். நிறம் மாற அது போதும். ஆனாலும் ஒரே செறிவோடு நிற்கக் கூடாது. பாதி பாதியாக ஐதாக்கி 12 படிகள் வையுங்கள். செறிவோடு நிறம் மாறும் வளைவு கிடைத்தால்தான் பேசலாம்.

32 பாகையில் 3 நாள் வைத்த பிறகு 540 நனோமீற்றரில் நிறத்தையும் 620இல் கலங்கலையும், அதாவது கலம் வளர்ந்த அளவையும், அளக்க வேண்டும். திருத்திய பெறுமானம்: மாதிரியின் 540 அளவிலிருந்து, மாதிரியின் 620க்கும் மாதிரி விடாத வெற்றுக் குழியின் 620க்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தது. பலர் 620ஐ வெறும் சடங்காகப் பார்க்கிறார்கள். உண்மையில் பொய்யான 'இல்லை'யைப் பிடித்துத் தருவது அதுதான். கிறீம், ஷாம்பு போன்றவற்றில் உள்ள பரபென் பங்கசைத் தடுப்பதற்கென்றே சேர்க்கப்படுவது, மதுவமும் பங்கசுதான். செறிவு கூடினால் கலம் வளராது, வளராத கலம் நிறமும் தராது. குழி மஞ்சளாக, தெளிவாக நின்றால் 'ஈஸ்திரஜன் விளைவு இல்லை' என்று எழுதாமல் 'நச்சுத்தன்மை, அளக்க முடியவில்லை' என்று எழுதுங்கள்.

பொய்யான 'ஆம்' பெரும்பாலும் நம் மேசையிலிருந்தே வரும். 1991இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சொனன்ஷைனும் அதைத்தான் அறிவித்தார்கள்: ஈஸ்திரஜன் எதுவும் சேர்க்காமலே மார்பகப் புற்றுக் கலங்கள் பெருகியதற்குக் காரணம், பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த நொனைல்பினோல். எனவே பிரித்தெடுப்புக்குக் கண்ணாடி மட்டும். அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவ் இந்தப் பொருள்களை அழிக்காது. மெதனோலால் அலசுங்கள், உலை இருந்தால் 450 பாகையில் சுடுங்கள். பில்லைத் தொட்ட கையோடு தட்டைத் தொட வேண்டாம். மாதிரி போடாத குப்பி ஒன்றும் ஊறல் முதல் வாசிப்பு வரை எல்லாப் படிகளையும் கடக்க வேண்டும். அது சிவந்தால் அன்றைய தட்டு முழுவதும் குப்பை.

நொனைல்பினோல் போன்றவை பக்கத்துக் குழிக்கும் ஊர்ந்து போகும். அதிகச் செறிவுக் குழிக்கு அருகே வெற்றுக் குழியை வைக்காதீர்கள். ஓரக் குழிகள் வற்றுவதால் அங்கே தண்ணீர் மட்டும் விடுவது நல்லது. கொழும்பில் இன்னொரு தொல்லை: ஏசி நின்ற அறை 31, 32 பாகைக்கு ஏறிவிடும். தட்டை 32 பாகையில் வைத்திருக்கும் பெட்டியான அடைகாப்பிக்குக் குளிரூட்டும் வசதி இல்லையென்றால் அது அறையைவிடக் கீழே இறங்காது, தன் சூட்டையும் சேர்த்துக்கொள்ளும். உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள்.

லஞ்ச் ஷீட்டைச் சோதிக்கும்போது தண்ணீரில் ஊறவைத்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்பது சோற்றுப் பார்சலுக்குப் பொருந்தாது. சோறு சூடு, கறியில் தேங்காய்ப்பால். எண்ணெயை மதுவத்தின் மேல் விட முடியாது, அதற்குப் பதிலாக 95 சதவீத எதனோலை 60 பாகையில் 2 மணித்தியாலம் வைக்கலாம். மூடி இறுக்கமாக இருக்கட்டும், அருகில் தீ வேண்டாம்.

முடிவை உடலின் முக்கிய ஈஸ்திரஜனான 17 பீட்டா ஈஸ்திரடையோலுக்கு ஈடாகச் சொல்வது வழக்கம். இந்தச் சோதனையில் பிஸ்பினோல் ஏ அதைவிடப் பத்தாயிரம் மடங்கு அளவில் பலவீனமானது. ஆகவே மேலே சொன்ன 55 மைக்ரோகிராம் ஏறக்குறைய 5.5 நனோகிராம் ஈஸ்திரடையோலுக்குச் சமம். சோயாவில் உள்ள ஜெனிஸ்தீனும் குழியைச் சிவக்க வைக்கும், அதற்காகச் சோயா மீற்றை யாரும் கடையிலிருந்து தூக்கப்போவதில்லை. மறுபக்கம், பிவிசியை மென்மையாக்கும் டிஇஎச்பி இங்கே பெரிதாக எதையும் காட்டாது. அதன் முக்கிய விளைவு ஆண் ஓமோன் பக்கம், அதற்கு வேறு சோதனை வேண்டும். மெதொக்சிகுளோர் பூச்சிகொல்லியோ ஈரலில் மாற்றமடைந்த பிறகுதான் வலுப்பெறும், மதுவத்துக்கு ஈரல் கிடையாது.

வாசித்து முடிந்த தட்டைச் சிங்கில் கொட்டக் கூடாது. மரபணு மாற்றிய மதுவம், 121 பாகையில் 20 நிமிடம் ஓட்டோகிளேவ் செய்த பிறகே கழிவுக்குப் போக வேண்டும்.