கொத்தனாருக்கு 41, பெயின்டருக்கு 43

ஒப்பந்த அடிப்படையில் ஒரு வருடம் நான் பார்த்த வேலை இது. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. வீடு வீடாகப் போய் "போன வாரம் என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்கணும். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று பெயர். ஆபீஸில் சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். 2017 ஏப்ரலில் தொடங்கியது. நாட்டில் வேலை பார்க்கும் நூறு பேரில் பன்னிரண்டு, பதிமூன்று பேர் கட்டுமானத்தில் இருக்கிறார்கள் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கு இப்படி வாசல்படியில் உட்கார்ந்து கேட்டு வாங்கியதுதான்.

2023 நவம்பர். கோவைப் பக்கம் ஒரு பிளாக், அதாவது கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு பகுதி. அதில் எட்டு வீடு. இடத்தை மட்டும் சொல்லக் கூடாது. முதல் வீட்டிலேயே, "உரிமைத் தொகையை நிறுத்திருவீங்களா?" என்ற கேள்வி. இல்லை என்று புரியவைக்கவே ஒரு டீ ஆனது.

அந்த வீட்டுக்காரர் கொத்தனார். "மழை கண்ணு, போன வாரம் வேலையே இல்ல" என்றார். அப்படியே எழுதிவிட முடியாது, ஏழு நாளையும் தனித்தனியாகக் கேட்கணும். செவ்வாய்க்கிழமை வந்தபோது, "அன்னிக்கு அரை நாள் பூச்சு வேலை இருந்துச்சு" என்றார். ஏழு நாளில் ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும் அந்த வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர்தான். "அப்போ நான் வேலையில இருக்கேன்னு எழுதிட்டியா?" என்று சிரித்தார். நாலு மணி நேரம் என்றும் பதிந்தேன். ஆனால் தலைப்புச் செய்தியில் வருவது 'வேலையில் இருக்கிறார்' என்பதுதான். மணிக்கணக்கு ஏதோ ஒரு அட்டவணையின் உள்ளே கிடக்கும்.

கூலி எவ்வளவு என்றேன். "எண்ணூறு." அரை நாளுக்கா? துருவியபோதுதான் தெரிந்தது, அது ஜோடிக் கூலி. மனைவி சித்தாள். "அவ சும்மா கூட வருவா" என்றார். "எனக்கு முந்நூறு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் வராமல் போயிருந்தால் அவருக்கு எண்ணூறு, அந்த அக்காவுக்கு வீட்டு வேலை என்று பதிவாகியிருக்கும். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் புருஷனிடம் மட்டும் கேட்டு முடித்ததில்லை.

தொழில் எண் போடுவது தனிக் கூத்து. கட்டடம் கட்டுவது 41, சாலையும் பாலமும் 42, பெயின்டிங், டைல்ஸ், ஒயரிங் எல்லாம் 43. செங்கல் சூளை ஆள் கட்டுமானமே இல்லை, உற்பத்தி. லேபர் கான்ட்ராக்ட் எடுத்து நாலு பேரை வைத்திருக்கும் மேஸ்திரி கூலியாளா, முதலாளியா? அடுத்த வாரம் அவரே இன்னொருவரிடம் நாள்கூலிக்குப் போகிறார். பயிற்சி வகுப்பில் இதற்கு விடை தெளிவாகத்தான் இருந்தது.

ஏழாவது 'வீடு' ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த அபார்ட்மென்டில் கம்பி கட்ட வந்த பீகார்க்காரர்கள், ஆறு பேர். எனக்கு இந்தி வராது. சைட் மேஸ்திரிதான் மொழிபெயர்த்தார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் ஒரே குடும்பம் என்பது விதி. குடும்பத் தலைவர் யார் என்றதும் ஆறு பேரும் சிரித்து, சமைத்துக்கொண்டிருந்தவரைக் கை காட்டினார்கள். அவரையே போட்டேன்.

அடுத்த கேள்வி, எத்தனை மாதம் தங்குவீர்கள்? ஆறு மாதத்துக்குக் குறைவு என்றால் இங்கே சேர்க்கக் கூடாது, சொந்த ஊர் வீட்டுக் கணக்கில்தான் வருவார்கள். மூன்று பேர் பொங்கல் முடிந்து கிளம்புவதாகச் சொன்னார்கள். மூவரையும் கணக்கிலிருந்து நீக்கினேன். ஒரே ஆளை இரண்டு ஊரில் எண்ணாமல் இருக்க அந்த விதி வேண்டும்தான். ஆனால் கண்ணெதிரே கம்பி வளைத்துக்கொண்டிருப்பவரை கோவையில் இல்லை என்று அழுத்த விரல் கூசியது.

அப்போது நகரத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று மாத இடைவெளியில் நாலு முறை போக வேண்டியிருந்தது. பிப்ரவரியில் போனபோது கொத்தனாரும் அக்காவும் இருந்தார்கள், வாரம் ஆறு நாளும் வேலை. கூலியைத் தனித்தனியாக அந்த அக்காவே சொன்னார். கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்தக் கோடு போட்டிருந்தார்கள். வாட்ச்மேனுக்கு அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

டேப்லெட் காரணம் கேட்டது. குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: "கட்டடம் முடிந்தது. ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள்."