முட்டையின் எடையைப் பார்த்துத் தண்ணீர் வையுங்கள்: நெல்லையில் வீட்டு இன்குபேட்டர்

18ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது கரு நன்றாக அசைந்தது; 21ஆம் நாள் ஓட்டைக்கூடக் கொத்தாமல் உள்ளேயே செத்துப்போனது. நெல்லைப் பக்கம் வீட்டில் இன்குபேட்டர், அதாவது கோழி முட்டையைப் பொரிக்க வைக்கும் சூட்டுப் பெட்டி, வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வருத்தம் இது. எல்லோரும் முதலில் வெப்பத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அந்த முட்டைகளை உடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது ஈரப்பதக் கோளாறு. குஞ்சு ஊதிப்போய், சுற்றிலும் நீர் கட்டி நின்றால் பெட்டிக்குள் ஈரம் அதிகம். உள்சவ்வு காய்ந்து தோல்போலக் குஞ்சின்மேல் ஒட்டிக் கிடந்தால் ஈரம் போதவில்லை.

பெட்டிக்குள் ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 என்பது பொதுக்கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஆனியில் வைத்த அதே தண்ணீர்க் கிண்ணத்தை ஐப்பசியிலும் வைத்தால் அந்தக் கணக்கு நிற்காது. ராதாபுரம், பணகுடிப் பக்கம் மேல்காற்று அடித்து ஓயும்வரை காற்றில் பசையே இருக்காது. அறையில் 33 டிகிரி, ஈரப்பதம் 45 என்று இருந்தால், அதே காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 35க்கு இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறை 28 டிகிரி, 85 சதவீதம் என்றால், சொட்டுத் தண்ணீர் வைக்காமலே உள்ளே 50 வந்துவிடும். அப்போதும் பழக்கத்தில் கிண்ணத்தை நிரப்புவதுதான் குஞ்சை மூழ்கடிக்கிறது.

அதனால் ஈரப்பத மீட்டரை மட்டும் நம்பாமல் முட்டையை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு போதும். வைக்கும் அன்றே ஒவ்வொரு முட்டையின் எடையையும் அதன் ஓட்டிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள், மார்க்கர் வேண்டாம். ஓட்டின் நுண்துளை வழியாக நீர் ஆவியாகி, 18 நாளில் எடை சுமார் 12 சதவீதம் குறைய வேண்டும். 42 கிராம் நாட்டுக்கோழி முட்டை 7ஆம் நாள் 40, 14ஆம் நாள் 38, 18ஆம் நாள் 37 என்று இறங்கினால் சரியான பாதை. 7ஆம் நாளே 39 என்றால் தண்ணீரைக் கூட்டுங்கள். 41லேயே நின்றால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ஒரு முட்டையை வைத்து முடிவுகட்டாமல் பத்து முட்டையின் சராசரியைப் பாருங்கள். ஈரத்தைக் கூட்டுவது தண்ணீரின் ஆழம் இல்லை, பரப்பு. ஆழமான டம்ளரைவிட அகலத் தட்டு வேலை செய்யும். ஊற்றும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

பெட்டிக்கு மீன் வரும் தெர்மாகோல் பெட்டி நல்லது. சுவர் தடிமனாக இருக்கும். கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்து வாடையைப் போக்குங்கள். 40 வாட் குண்டு பல்பு இரண்டைத் தனித்தனி இணைப்பாகக் கொடுத்தால் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், தேவையான சூடு தராது. பல்புக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, பல்பைச் சுற்றித் தகர மறைப்பு இரண்டும் கட்டாயம். காற்றைச் சுழற்ற 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. கீழே இரண்டு, மேலே இரண்டு என்று விரல் நுழையும் துளைகள். பல்பை அணைத்து எரியவைக்கும் ரிலே போர்டு பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். ஈரமும் 230 வோல்ட்டும் ஒரே இடத்தில் கூடாது.

சூட்டை அளந்து அந்த வேலையைச் செய்யப் பலரும் வாங்குவது டபிள்யூ 1209 என்ற சின்ன தெர்மோஸ்டாட் போர்டு. அதன் அமைப்புகளில் பி0 'எச்' என்று இருக்க வேண்டும், அதாவது சூடேற்றும் முறை. பல்பு அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் உள்ள இடைவெளியான பி1தான் மோசம் செய்வது: கடையிலிருந்து வரும்போது அதில் 2 டிகிரி வைத்திருப்பார்கள். அப்படியே விட்டால் 37.6ல் அணைந்த பல்பு 35.6க்கு இறங்கினால்தான் மறுபடி எரியும். அதை 0.2 அல்லது 0.3 ஆக்குங்கள். சென்சார் முட்டையின் உயரத்தில், ஓட்டில் படாமல் தொங்கட்டும். ஃபேன் ஓடும் பெட்டிக்கு 37.5. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிருமாக இருப்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரை வேண்டும்.

சென்சாரைச் சரிபார்க்கக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஒரு டம்ளர் வெந்நீர் 38க்கு ஆறியதும் இரண்டின் முனையையும் சேர்த்து முக்கி, வித்தியாசத்தை தெர்மோஸ்டாட்டின் பி4 அமைப்பில் திருத்துங்கள். ஈரப்பத மீட்டருக்கு உப்புச் சோதனை: ஒரு மூடியில் உப்பைக் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத பையில் 12 மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

முட்டை வைக்கும் முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியைச் சும்மா ஓடவிடுங்கள். தகரக் கூரை அறையும் மொட்டைமாடி அறையும் வேண்டாம். கத்திரி வெயிலில் அறையே 38ஐத் தொட்டால் தெர்மோஸ்டாட்டால் பல்பை அணைக்க முடியுமே தவிர, குளிர்விக்க முடியாது.

முட்டை சேர்க்கும்போதும் வெயில்தான் எதிரி. 24 டிகிரிக்கு மேல் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பலவீனமாகும். சித்திரையில் மூன்று நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள்; மார்கழியில் ஏழு நாள் தாங்கும். ஈரமணலில் புதுப்பானையைப் புதைத்து, உள்ளே உலர்ந்த சாக்கு விரித்து, கூர்முனை கீழாக அடுக்கினால் அறையைவிடக் குளிர்ச்சி. முட்டையைக் கழுவக் கூடாது. பஸ்ஸில் குலுங்கி வந்ததை 12 மணி நேரம் அசையாமல் வைத்த பிறகே பெட்டிக்குள் ஏற்ற வேண்டும்.

திருப்புவது தினம் மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரவின் நீண்ட நேரம் ஒரே பக்கம் கிடக்காது. ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். திருப்பாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டிச் சாகும்.

7ஆம் நாள் இருட்டில் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்திபோல் ரத்த நாளம் பரவியிருந்தால் உயிர். சிவப்பு வளையம் மட்டும் என்றால் பாதியில் செத்தது. ஒன்றுமில்லாமல் பளிச்சென்றால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்று அடைப்பெட்டியில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவது நம் ஊர் வழக்கம். இன்குபேட்டருக்கு இடிமழையில் உள்ள ஆபத்து கரண்ட் போவது. மூடியைத் திறக்காமல் மேலே கம்பளி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வழக்கமாகக் காலை 9 முதல் மதியம் 2 வரை நீளும். உங்கள் துணைமின்நிலையத்தின் தேதி பார்த்து, அது 18க்கும் 21க்கும் நடுவில் விழாதபடி முட்டை வையுங்கள்.

18ஆம் நாள் கடைசியாகத் திருப்பி, தண்ணீர்த் தட்டை இரட்டிப்பாக்கி, துளைகளை முழுக்கத் திறந்துவிட்டு, பெட்டியின் மூடியை மட்டும் மூடுங்கள். தரையில் சாக்குத் துணி வேண்டும். வழுக்கும் தாளில் கால் விரிந்துபோகும். அன்று டார்ச்சில் பார்த்தால் முட்டை முழுக்க இருட்டு, மேலே காற்றறை மட்டும் வெளிச்சம். அதன் விளிம்பு சாய்ந்து, உள்ளிருந்து ஒரு நிழல் மெல்ல முட்டித் தள்ளுவது தெரியும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மூடிய ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுக் குரல் வரும். பிறகு அகன்ற முனைப் பக்கம் மிளகளவு ஒரு மேடு, அதைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசல். அதற்குப் பிறகு பல மணி நேரம் அசைவே இருக்காது. இங்கேதான் கை பரபரக்கும். குஞ்சு சும்மா இல்லை. சவ்வின் ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது ஓட்டைப் பிரித்தால் ரத்தம் கசிந்து சாகும். கொத்தி 24 மணி நேரம் தாண்டினால் மட்டுமே வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துச் சவ்வைத் தொடலாம். சிவப்பு நரம்பு தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

முதல் குஞ்சைப் பார்த்ததும் மூடியைத் திறக்காதீர்கள். ஈரம் ஒரே நொடியில் வெளியேறி, பாதி கொத்திய மற்ற முட்டைகளின் சவ்வு இறுகிவிடும். உள்ளிழுத்த மஞ்சள் கருவால் ஒரு நாள் முழுக்க இரை இல்லாமல் குஞ்சு இருக்கும். ரோமம் உலர்ந்த பிறகு மொத்தமாக எடுங்கள்.

குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் புரூடரில் முதல் வாரம் 35 டிகிரி, வாரம் 3 டிகிரி குறைப்பு. பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். முதலில் தண்ணீர், ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு தடவை நனைத்துக் காட்டுங்கள். பிறகு ஸ்டார்ட்டர் தீவனம். ஏழு நாளுக்குள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணில். குப்பியில் 100 டோஸுக்குக் குறைந்து கிடைப்பது அரிது, கலக்கினால் இரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால் பக்கத்துத் தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரே நாளில் ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் வாங்கி வந்து பங்கிட்டுப் போடுங்கள்.