மாருத்தின் வால் பக்கம்: பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகம்

முதலில் ஆட்டோ கதை. சில்க் போர்டில் ஏறும்போது 400 ரூபாய் என்று பேசி ஏறினேன். எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமான அருங்காட்சியக வாசலில் இறங்கியதும் "டிராஃபிக் ஜாஸ்தி சார், 550 குடுங்க" என்கிறார். ஒரு நாள் செலவுக்கென்று நான் எடுத்து வைத்ததே 1,500 ரூபாய். பத்து நிமிடம் சண்டை போட்டு 450-க்கு முடித்தேன். இன்னும் எரிகிறது. நீங்கள் மெஜஸ்டிக் போய் 335இ பஸ்ஸில் ஏறிவிடுங்கள், பழைய ஏர்போர்ட் சாலை வழியாகத்தான் போகும்.

நேரம், கட்டணம், என்னென்ன பார்க்கலாம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் வெளியே புல்தரையில் நிற்கும் மாருத் போர் விமானத்தைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

எச்.எஃப்-24 மாருத், இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். ஜெர்மானிய விமான வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் 1956-ல் பெங்களூர் வந்து நம் ஆட்களோடு உட்கார்ந்து வரைந்தது. முதலில் முழு அளவில் மரத்தில் ஒரு கிளைடர் செய்து பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1961 ஜூனில் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் நிஜ விமானத்தை மேலே கொண்டுபோனார். விமானப்படை கேட்டது ஒலியைப் போல் இரு மடங்கு வேகம்.

நான் மூக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பேரனோடு வந்திருந்த ஒரு பெரியவர், என் கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாரும் முன்னாடியே நிக்கிறீங்க. வால் பக்கம் போய்ப் பாருங்க" என்றார். போனேன். அவ்வளவு நீளமான உடம்புக்கு முடிவில் இரண்டு சின்ன வட்டத் துவாரங்கள்.

அந்தத் துவாரங்களுக்குள் இருந்தவை பிரிட்டன் வடிவமைத்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள். உள்ளே எஞ்சின் கூடத்தில் ஆர்ஃபியஸைக் கிட்டத்தில் பார்த்தேன். காற்றை அழுத்த ஏழு அடுக்குச் சக்கரங்கள், எரிக்க ஏழு குடுவைகள், கடைசியில் எரிந்த வாயு சுழற்றும் ஒரே ஒரு டர்பைன் சக்கரம். அழகான, எளிமையான எஞ்சின். 'நாட்' (Gnat) என்ற குட்டிப் போர் விமானத்துக்கு அது கச்சிதம். மாருத்துக்குப் போதாது. ஒன்று சுமார் 2,200 கிலோ தள்ளுவிசைதான் கொடுக்கும்.

கர்ட் டாங்க் கணக்குப் போட்டது அதே எஞ்சினின் வலுவான வடிவமான ஆர்ஃபியஸ் 12-ஐ நம்பி. ஆஃப்டர்பர்னரோடு அது சுமார் 3,700 கிலோ தள்ளும். எஞ்சினுக்குள்ளேயே எரிபொருளை ஒரு அளவுக்கு மேல் எரித்தால் டர்பைன் இதழ்கள் தாங்காது. அதனால் இழுத்த காற்றில் ஆக்சிஜன் நிறைய மிச்சம் இருக்கும். டர்பைனைத் தாண்டி, வால் குழாயில் மறுபடி எரிபொருளைத் தெளித்துக் கொளுத்துவதுதான் ஆஃப்டர்பர்னர். 1950-களில் ஒலியைத் தாண்டத் துடித்த நாடுகள் எல்லாம் இதன் பின்னால்தான் ஓடின.

பிரிட்டன் அந்த ஆர்ஃபியஸ் 12-க்கான பணத்தை நிறுத்தியது. மீதி வேலைக்கு இந்தியா பணம் போட்டால் முடித்துத் தருகிறோம் என்றார்கள். நாம் மறுத்தோம். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தவறு. பணத்தை மிச்சம் பிடித்து விமானத்தையே முடக்கிவிட்டோம்.

அப்புறம் வேறு வழிகளைத் தேடினார்கள். எகிப்தில் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் ஈ-300 எஞ்சின் செய்துகொண்டிருந்தார். ஒரு மாருத்தை அங்கே ஹெல்வானுக்கு அனுப்பி, ஒரு பக்கம் ஈ-300, மறு பக்கம் ஆர்ஃபியஸ் வைத்து 1967-ல் பறக்கவிட்டார்கள். 1969-ல் எகிப்து தன் திட்டத்தையே மூடிவிட்டது. பெங்களூரின் எஞ்சின் ஆய்வகமான ஜி.டி.ஆர்.ஈ., ஆர்ஃபியஸ் 703-க்கே ஓர் ஆஃப்டர்பர்னர் செய்தது. அது பொருத்திய மாருத் 1970 ஜனவரி 10-ல் விழுந்தது. ஓட்டியவர் அதே சுரஞ்சன் தாஸ். இறந்துவிட்டார். இந்தக் கதையைச் சொன்ன பெரியவர், அந்தத் தேதி வந்ததும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மொத்தம் 147 மாருத் கட்டினார்கள். 1971 போரில் நன்றாகவே சண்டை போட்டது, ஆனால் கேட்ட வேகத்தை எட்டாத தரைத்தாக்குதல் விமானமாக.

மதியம் முருகேஷ்பாளையாவில் ஓர் ஆந்திரா மெஸ். 120 ரூபாய்ச் சாப்பாடு. பருப்புப் பொடி, அதன் தலையில் நெய், கோங்குராப் பச்சடி. மூன்று முறை சாதம் வாங்கினேன், முகம் சுளிக்காமல் போட்டார்கள். பெங்களூரில் இந்த விலைக்கு இப்படிச் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று!

கை கழுவும்போதுதான் மாருத்தின் எஞ்சினுக்குக் காற்று போகும் உள்வாயைச் சரியாகப் பார்க்கவில்லை என்று உறைத்தது. திரும்பிப் போகப் பஸ் காசை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். இரு பக்க உள்வாயிலும் பாதியாக வெட்டிய கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒலியை விட வேகமாக வரும் காற்றை அடக்கி எஞ்சினுக்குள் அனுப்ப வைத்த கூம்பு. மேலே வெள்ளைப் பெயின்ட் உரிந்திருந்தது. வெயில் இறங்கும்வரை அங்கேயே நின்றேன்.