தாழ்வாரத்தை ஒன்றரை அடி நீட்டினோம்

அஞ்செட்டியைத் தாண்டி, தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் போனால் எங்கள் நிலம். முக்கால் ஏக்கர் மானாவாரிப் பூமி. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தின் காடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடைசி மின்கம்பம் தார் ரோட்டோடு நின்றுவிட்டது. பக்கத்து நிலத்தில் 800 அடிக்குப் போர் போட்டும் புழுதிதான் வந்தது. அதனால் கரண்ட், தண்ணீர் இரண்டுமே வானத்திலிருந்துதான் என்று முடிவு செய்துகொண்டு போன ஜனவரியில் வேலையைத் தொடங்கினோம். உள்ளளவு 10க்கு 14 அடி. ஒரே அறை, மண்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு.

முதலில் மண்ணைப் பார்த்தோம். பாட்டிலில் பாதிக்கு மண், ஒரு கை உப்பு, மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கிவிடும். வண்டல் அதற்கு மேல் மெதுவாகப் படியும். களி தெளிய ஒரு நாள் கூட ஆகும். எங்கள் செம்மண்ணில் களி அதிகம் என்று பாட்டிலே காட்டியது. அவசரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் அடித்த முதல் 60 கற்கள் காய்ந்ததும் வெடித்தன. அப்புறம் நான்கு சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலந்து, 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்தோம். கையால் அழுத்தும் மெஷினை வாடகைக்கு எடுத்து, நான்கு பேர் ஆறு நாளில் 1500 கல் அடித்தோம். 24 சென்டிமீட்டர் சதுரம், 9 சென்டிமீட்டர் உயரம், ஒரு கல் பத்து கிலோ. நான்கு வாரம் சாக்கு போட்டு மூடி நனைத்துவந்தோம். அதற்கே ஒரு டிராக்டர் டேங்க் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

கருங்கல் அடித்தளம், சுவர், வாசக்கால் எல்லாம் ஏப்ரலுக்குள் முடிந்தன. கொத்தனார் தேர்ந்தவர். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் எட்டடிச் சுவரில் நூல் அளவு கூடப் பிசகவில்லை. கூரைக்கு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து ஓட்டைத் தாங்கும் பனை வாரைகளும் 430 ஓடுகளும் கிடைத்தன. கருத்து முற்றிய வாரைகள். ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது, ஒவ்வொன்றுக்கும் துளை போட்டுத்தான் இறக்கினோம். சுவருக்கு வெளியே கூரையை ஒன்றரை அடி நீட்டியிருந்தோம். அது போதும் என்று நினைத்தேன்.

பக்கத்து நிலத்துப் பெரியவர் ராகி, கொள்ளு போடுகிறவர். வீட்டில் பேசுவது கன்னடம், எங்களோடு தமிழ். ஓடு போட்ட அன்று வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இங்க மழை மேலேருந்து மட்டும் வராது. காத்து தள்ளிக்கிட்டு பக்கத்துலேருந்து வரும். கூரையை இன்னும் கீழ இறக்கு" என்றார். "சரிங்கய்யா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன்.

மே இரண்டாம் வாரம் கோடை மழை வந்தது. முக்கால் மணி நேரம்தான். மறுநாள் காலையில் மேற்குச் சுவரைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் கற்களின் மேல்தோல் போயிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் விரல் நுழையும் பள்ளம். அந்த வரிசை முழுக்க முதல் நாள் கலவையில் செய்த கற்கள், எம்-சாண்ட் சரியாகக் கலக்காதவை. கீழே செம்மண் குழம்பு ஓடி, பூனைவால் மாதிரி கோடு கோடாகக் காய்ந்திருந்தது. கிழக்குச் சுவரில் ஒரு கீறல் கூட இல்லை.

ஜூன் முழுக்கக் கூரை வேலைதான். ஒவ்வொரு வாரையோடும் இன்னொரு துண்டு வாரையைச் சேர்த்து வைத்து, இரண்டு போல்ட் போட்டு முறுக்கி, நாலு பக்கமும் கூரையின் நீட்டத்தை மூன்றடி ஆக்கினோம். சரிவு அப்படியே தொடர்வதால் ஓட்டின் விளிம்பு கிட்டத்தட்ட பத்து அங்குலம் தாழ்ந்து, ஆறே கால் அடிக்கு வந்துவிட்டது. உயரமான ஆள் தலையைத் தாழ்த்தித்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் ஊரில் தாத்தா வீட்டுத் தாழ்வாரமும் அப்படித்தான் இருக்கும். இடித்துக்கொள்ளாமல் நுழைய நாங்கள் சின்ன வயதிலேயே பழகியிருந்தோம். அது ஏன் அவ்வளவு தாழ்வு என்று இந்த மேற்குச் சுவரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

இந்த வேலையால் நான் கணக்கில் வைக்காத இன்னொரு லாபம் கிடைத்தது. கூரையில் விழும் மழையைக் கணக்கிடச் சரிவின் நீளம் தேவையில்லை. உச்சி வெயிலில் தரையில் விழும் கூரை நிழலின் அளவுதான் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். முன்பு எங்கள் கூரை 25 சதுர மீட்டர், இப்போது 35. சுவரைக் காப்பாற்றப் போட்ட விளிம்பு தண்ணீரையும் நூற்றுக்கு நாற்பது கூட்டிவிட்டது. ஓடு குடிப்பது, சிதறுவது எல்லாம் போக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், 25 மில்லிமீட்டர் மழைக்கு 700 லிட்டர் வந்துசேரும். ஆறு அங்குல பிவிசி பைப்பை நெடுக அறுத்து விளிம்பில் மாட்டி, 2000 லிட்டர் டேங்க் இரண்டில் விட்டிருக்கிறோம். டேங்குக்கு முன்னால் அதே ஆறு அங்குல பைப்பில் இரண்டு மீட்டர் துண்டு ஒன்று அடி மூடியோடு செங்குத்தாக நிற்கிறது. தூசியும் பறவை எச்சமும் கலந்து வரும் முதல் 35 லிட்டர் அதில் தங்கிவிடும். அது நிறைந்த பிறகுதான் டேங்குக்குத் தண்ணீர் போகும். மழை விட்டதும் மூடியைக் கழற்றி அந்தத் தண்ணீரை முருங்கைக்கு விட்டுவிடுகிறோம்.

மேற்குச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். அந்தத் தண்ணீர் டிரம்மில் சில நாள் புளிக்க வேண்டும். பெரியவர் வாசனை பிடித்ததுமே, "இதை ராத்திரி வெளிய வைக்காத தம்பி, யானை வந்துரும்" என்றார். இந்தத் தடவை மறுபேச்சு பேசாமல், அன்றன்றைக்கு டிரம்மை டெம்போவில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோய் வைத்தோம். இப்போதும் உப்பு, வெல்லம், பழம் எதையும் ஆளில்லாத நாளில் உள்ளே வைப்பதில்லை. வாழையும் பலாவும் நடவில்லை.

சோலாரைப் பற்றி ஒன்று மட்டும் விவரமாகச் சொல்கிறேன், பலருக்குப் பயன்படும். 165 வாட் பேனல் ஒன்று, 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி ஒன்று. மூன்று 9 வாட் பல்பு, கரண்ட் குறைவாக எடுக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 360 வாட்-அவர் போகும். கணக்குப்படி தாராளம். ஆனால் பேட்டரி நிறையவே இல்லை. புளியமர நிழலுக்குப் பயந்து பேனலை 20 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுத்திருந்தோம். போக வர 40 மீட்டர். 9 ஆம்பியர் ஓடினால் அந்த ஒயரே நாலு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். வெயிலில் பேனல் சூடானால் 16 வோல்ட்தான் தரும், அதில் நாலு போனால் 12தான் மிஞ்சும், பேட்டரி நிறைய அதற்கு மேல் வேண்டும். நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில்தான் இழப்பு அதிகம், சார்ஜ் சரியாக ஏறவில்லை. ஆறு ஸ்கொயர் ஒயர் மாற்றியதும் இழப்பு ஒரு வோல்ட்டுக்கு வந்தது, மறுநாளே பேட்டரி நிறைந்தது. பேட்டரி விலைக்கு முன்னால் ஒயர் செலவு ஒன்றுமே இல்லை. தயவுசெய்து அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கழிப்பறை இரட்டைக் குழி முறை. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது.

இப்போது நவம்பர் கடைசி. பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும் பருவம், ராகிக் கதிர் முற்றுகிறது. பெரியவர் வீட்டார் இரவில் பரணில் காவல் இருக்கிறார்கள். அவர்களுடைய டார்ச்சுக்கும் போனுக்கும் சார்ஜ் எங்கள் பேட்டரியில்தான் ஏறுகிறது. நேற்றிரவு திண்ணையில் படுத்திருந்தபோது நல்ல மழை, மேற்குக் காற்று வேறு. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரின் அடியில் ஒரு சாண் மட்டும் நனைந்திருந்தது, சுண்ணாம்பு அப்படியே இருந்தது. டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் விடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தது.