மொரீஷியஸ் ரிசார்ட்டில் அடுப்படி வேலை: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

"ஊரெல்லாம் ஹனிமூனுக்குப் போற இடத்துக்கு நீ சம்பளம் வாங்கிட்டுப் போற. கொடுத்து வச்சவன்டா" என்றார் என் அத்தான். 2023 பிப்ரவரியில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஒன்பது வருஷம், தென்னிந்தியப் பிரிவில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றவன் நான். சம்பளம் 34,000. மகள் யுகேஜி. மொரீஷியஸின் கிழக்குக் கரையில், பெல் மார் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் இந்தியன் கவுன்ட்டருக்கு சிடிபி, அதாவது ஒரு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஷெஃப், வேண்டும் என்று பழைய ஷெஃப் ஒருவர் வழியாகத் தகவல் வந்தது.

சம்பளம் 28,000 என்றார்கள். முதலில் கேட்டபோது முகம் சுருங்கியது. பிறகுதான் அது அவர்கள் ரூபாய் என்று உறைத்தது. அவர்களுடைய ஒரு ரூபாய் அப்போது நம் காசில் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய 1.80. ஆக 50,000. உடனே துள்ளாமல், என் மனைவி மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டாள். சென்னையில் என் ஒருவனுக்கு மட்டும் பெட்ரோல், சாப்பாடு, கைச்செலவு என்று 9,000 போகிறது. அப்படியானால் வீட்டுக்கு வருவது 25,000. அங்கே தங்க இடம் இலவசம், டூட்டி சாப்பாடு உண்டு. சிஎஸ்ஜி என்ற சமூகப் பாதுகாப்பு நிதிக்கு ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள். என் செலவு அவர்கள் ரூபாயில் 6,500 என்று வைத்தாலும் நம் காசில் 37,000 சொச்சம் வீட்டுக்கு வரும். மாதம் 12,000 கூடுதல். "இந்தப் பன்னெண்டாயிரத்துக்காகப் புள்ளைய விட்டுட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் போவதற்கான வேலையைத் தொடங்கினேன். திருச்சியில் ஒரு ஏஜென்ட், இதே மாதிரி வேறொரு ஹோட்டல் வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்டார். "டூரிஸ்ட்ல போயிடுங்க தம்பி, அங்க போய் பெர்மிட் மாத்திக்கலாம்." இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா வேண்டாம் என்பதை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. சுற்றிப் பார்க்க வந்தவர் வேலை செய்யக் கூடாது. வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியது அங்குள்ள முதலாளி, அதுவும் நாம் விமானம் ஏறுவதற்கு முன்னால். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. வளைகுடா நாடுகள், மலேசியா மாதிரி, வேலைக்குப் போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மொரீஷியஸ் இல்லை. சலுகை மாதிரி தெரிகிறது, ஆனால் நம் ஒப்பந்தத்தை அரசு தரப்பில் யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். படிக்க வேண்டியது நாமேதான். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சம் என்று யாராவது ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். நான் எழுந்துவிட்டேன்.

நேரடியாக ரிசார்ட்டின் எச்.ஆர். அனுப்பிய ஒப்பந்தம் ஏழு பக்கம். இரண்டு வருஷம், வாரம் 45 மணி நேரம், டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், போக வர டிக்கெட். எல்லாம் சரியாக இருந்தது. கூடவே ஒரு வரி: பெர்மிட் இந்த முதலாளிக்கு மட்டுமே. பிடிக்கவில்லை என்றால் பக்கத்து ஹோட்டலுக்குத் தாவ முடியாது, ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். குடும்பத்துக்கு அதில் இடமே இல்லை.

பிறகு காகிதங்கள். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் போலீஸ் சான்றிதழ், 500 ரூபாய். கேட்டரிங் டிப்ளமோவுக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் அத்தாட்சி. ரத்தம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் சொதப்பியது நானேதான். அம்மா கட்டிய தாயத்தைக் கழற்ற மறந்துவிட்டேன். நுரையீரலுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு குட்டி உருளை. லேப்காரர் கவனிக்காமல் அனுப்ப, அங்கிருந்து 'தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று திரும்பி வந்தது. மூன்று வாரம் போனது. சென்னையில் வேலையை விடலாமா வேண்டாமா என்று அந்த மூன்று வாரமும் தூக்கமில்லை. பெர்மிட் கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் என் புத்தி ஒழுங்காக வேலை செய்தது.

ஆகஸ்டில் மும்பை வழியாகப் போய் இறங்கினேன். அங்கே மறுபடி மெடிக்கல், உணவைக் கையாள்பவர் என்பதற்கு ஒரு சான்றிதழ், போர்ட் லூயிஸில் குடிவரவு அலுவலகத்தின் தங்கும் அனுமதி. அதெல்லாம் ஹோட்டல் வேனில் கூட்டிப் போய் முடித்துவிட்டார்கள்.

நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று இருக்கிறது. 45 மணி நேரம் சரி, அதை எப்படி அறுத்துப் போடுவீர்கள்? காலை ஆறரை முதல் பத்தரை வரை டிஃபன் பஃபே. மாலை ஆறரை முதல் பத்து வரை டின்னர். ஆறு நாள். கூட்டினால் சரியாக 45. ஆனால் தங்கும் அறை ஃப்ளாக் என்ற ஊர்ப் பக்கம், ஒரு அறைக்கு நான்கு பேர். வேன் பதினொன்றுக்கு ஒரு தடவை, திரும்ப ஐந்துக்கு ஒரு தடவை. அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பியவன் ராத்திரி பதினொன்றுக்குத்தான் படுக்கையில் விழுவான். ஸ்ப்ளிட் ஷிஃப்ட் என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. சட்டமீறலும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கடலா? அங்கே கடற்கரை சட்டப்படி பொதுச்சொத்து. ஆனால் யூனிஃபார்மோடு விருந்தினர் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. பத்து நிமிடம் நடந்தால் பொதுக் கடற்கரை, வரிசையாகச் சவுக்கு மரம். நாகப்பட்டினம் பக்கம் பிறந்தவனுக்கு அந்தச் சவுக்கு ஓசை கேட்டால் போதும். வேன் வராத நாட்களில் அங்கேதான் துண்டை விரித்துத் தூங்கினேன்.

மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் புது நோட்டில் அந்த வரிசையை மாற்றிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்து எழ, நோட்டையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த நோட்டைப் பார்த்த தைரியத்தில், பெயர்ப் பட்டையில் 'ராம்சாமி' என்றிருந்த பாத்திரப் பிரிவுப் பெரியவரிடம் தமிழில் பேசினேன். சிரித்துக்கொண்டே, அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் ஏதோ சொன்னார். அவருக்குத் தமிழ் என்றால் கோவில், காவடி, வாழையிலையில் ஏழு கறி. பேச்சு முழுக்கக் கிரியோல். அவரைத் தோன்தோன் என்று கூப்பிடப் பழகினேன், மாமா மாதிரி. முதல் வாரம் 'மின் ஃப்ரீர்' சாப்பிடு என்றார். மீன் வறுவல் என்று ஆசையாகப் போனால் நூடுல்ஸ்!

அவர் மகன் எங்கே என்று கேட்டேன். குரூஸ் கப்பலில் வெயிட்டராம். உள்ளூர்ப் பிள்ளைகள் நல்ல சம்பளத்துக்குக் கப்பலேறுகிறார்கள், அந்தக் காலி இடத்துக்கு எங்களைக் கூட்டி வருகிறார்கள். என் வேலை எப்படி உருவானது என்று ஏஜென்ட்டோ எச்.ஆரோ சொல்லவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில்தான் தெரிந்தது.

2024 பொங்கலன்று, ஜனவரி 15, பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது. மூன்றாம் எண் எச்சரிக்கை என்றால் ஊரே வீட்டுக்குள். ரிசார்ட்டில் இருந்த விருந்தினருக்கு மட்டும் மூன்று வேளையும் சோறு வேண்டும். முந்தின நாளே எங்களை உள்ளே நிறுத்திவிட்டார்கள். பேங்க்வெட் ஹாலில் மெத்தை போட்டுப் படுத்தோம். காலை ஊழியர் டிஃபனுக்கு என்று பாஸ்மதியில் சர்க்கரைப் பொங்கல் கிளறினேன். குழையவே இல்லை, தனித்தனியாக நின்றது. தோன்தோன் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். பத்தாம் நாள் தைப்பூசம், நாட்டுக்கே விடுமுறை. எனக்கு டூட்டி, இரட்டைச் சம்பளம். அவர் காவடி எடுத்துவிட்டு மறுநாள் அலகு குத்திய கன்னத்தில் விபூதியோடு வந்தார்.

இரண்டு வருஷத்தில், போனஸ் சேர்த்து, ஆரம்பச் செலவு போக, சென்னையில் இருந்திருந்தால் வந்திருப்பதைவிடக் கூடுதலாக மிஞ்சியது மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மளிகை நோட்டுக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்தது. தனிக்கட்டையாக இருப்பவர், ஃப்ரெஞ்சு சமையலும் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர், தாராளமாகப் போகலாம். கையில் கடன் வைத்துக்கொண்டு, அதை அடைக்கவே போகிறேன் என்பவருக்கு இந்தச் சம்பளம் போதாது. என் மாதிரி பிள்ளைகுட்டி உள்ளவர்கள் லீவு எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏனென்றால் அக்டோபரில் ஏறும் கூட்டம் புது வருஷம் தாண்டித்தான் இறங்கும். தீபாவளி, பொங்கல் இரண்டும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில்தான் அறைகள் காலியாகும், எங்களை ஊருக்கு விடுவார்கள். 2025-இல் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்டபோது, தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு கேட்டேன். சம்பளத்தில் 2,000 கூட்டித் தந்தார்கள், லீவு தரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

முந்தின அக்டோபரில் வாங்கிய மத்தாப்புப் பெட்டியில் பாதியை மகள் எனக்காக அலமாரியில் எடுத்து வைத்திருந்தாள். ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி வாசலில் கொளுத்தினோம். நமுத்துப்போய் மூன்றில் ஒன்றுதான் பற்றியது. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், யாருக்கு பர்த்டே?" என்றார்.