‘நோக்கம்’ என்ற கட்டம்

திருத்துறைப்பூண்டிக்கு அருகே எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு என் அம்மா பல ஆண்டுகள் ஊக்குநராக, அதாவது குழுவை நடத்துபவராக, இருந்தார். கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும். தீர்மானப் புத்தகம் எழுதுவது பள்ளிக் காலத்திலிருந்தே என் வேலை. குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனைக் கேட்பவரின் பெயர், தொகை, தவணை என்று கோடு போட்ட பக்கத்தில் ‘நோக்கம்’ என்றும் ஒரு கட்டம் உண்டு. அதை எழுத வரும்போதெல்லாம் பெரும்பாலான அக்காக்கள், "அவரக் கேட்டுட்டுச் சொல்றேன் பாப்பா" என்பார்கள்; கட்டம் அடுத்த கூட்டம் வரை வெறுமையாகவே கிடக்கும்.

தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு அவற்றை வங்கிகளோடு இணைக்க முற்பட்டது. பெண்ணின் கைக்குப் பணம் வந்தால் வீட்டில் அவள் சொல்லும் எடுபடும் என்ற நம்பிக்கை அன்றிலிருந்தே உண்டு. நான் கண்டவரையில், கடன் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது எதற்கென்று யார் முடிவு செய்தார் என்பதே வீட்டுக்குள் எதையும் மாற்றுகிறது. வங்கதேசத்தைப் பற்றி 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வும், பெண்கள் வாங்கிய கடன்களில் கணிசமான பங்கை ஆண்களே கையாண்டதாகக் காட்டியது.

ஓர் ஆண்டு, மேட்டூர் அணை திறந்த வாரத்தில், எங்கள் தெரு அக்கா ஒருவரை நாற்றங்காலுக்கும் உழவுக் கூலிக்கும் பணம் வாங்கி வரச் சொல்லி அவர் கணவர் அனுப்பியிருந்தார். அந்த அக்காவோ என் அருகில் வந்து உட்கார்ந்து, "மகளோட ஹாஸ்டல் பீஸுன்னு எழுது பாப்பா, உழவுக்கு அவர் சொசைட்டியில கேக்கட்டும்" என்றார். நான் எழுதி முடிக்கும் வரை அந்த வரியின் கீழிருந்து அவர் விரலை எடுக்கவில்லை. பிறகு எழுத்துக்கூட்டித் தன் பெயரைக் கையெழுத்திட்டார். வீட்டில் இரண்டு வாரம் பேச்சில்லை. மூன்றாம் வாரம் மகளின் பெட்டியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனவர் அவள் அப்பாதான்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு, நுண்கடன் நிறுவனங்கள் வாரத் தவணையில் தரும் வாரக் கடன் எங்கள் தெருவில் பெருகியது. அதையும் பெண்கள் பெயரில்தான் தருகிறார்கள். ஆனால் கணவரின் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, ‘நோக்கம்’ என்ற இடத்தில் கறவை மாடு என்று நிறுவன அலுவலரே நிரப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது மிக நல்லது. எனினும் அந்த வருமானம் எவ்வளவு என்று வாசலில் கேட்கப்படும்போது பதில் சொல்பவர் கணவர். தவணைநாள் காலையில் ஒருத்தியின் பணம் குறைந்தால் அது சேரும் வரை கலையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள்.

அந்த அக்கா இதுவரை வாரக் கடன் வாங்கவில்லை. இப்போது எங்கள் குழுவின் ஊக்குநர் அவர்தான்; உள்கடன் கேட்டு வருகிறவரிடம் தொகையைக் கேட்கும் முன்பே நோக்கத்தைக் கேட்டுவிடுகிறார்.