நாய் மார்க் கம்பனிட நாளும் பெரியப்பாட கொப்பிக் கணக்கும்

போன தை மாசம் ஒரு விசர் வேல தொடங்கினன். ஒவ்வொரு நாளும் காலையில வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "இண்டைக்கு நாய் மார்க் கம்பனியில என்ன நடந்த" எண்டு ரெண்டு வரி போடுற. நாய் மார்க் எண்டா எச்எம்வி, பழைய பாட்டுத் தட்டுக் கம்பனி, குழாய்க்கு முன்னால குந்திக்கொண்டு தலையச் சரிச்சுக் கேக்குமே அந்த வெள்ள நாய், அதான். ஒரு தடிச்ச சீஆர் கொப்பி வாங்கி பக்கத்துக்குப் பக்கம் திகதி போட்டு, அங்கயும் இங்கயும் வாசிச்சதெல்லாம் எழுதி வெச்சன். கந்தோர்ல வேல செய்ற ஆளுக்கு இது தேவையா எண்டு தங்கச்சி கேட்டா. தேவையில்லத்தான்.

தொடக்கம் நல்லாத்தான் போன. ஜனவரி 1 பிரெட் கைஸ்பெர்க் பிறந்த நாள், 1873. இந்த மனிசன்தான் றெக்கோட் பண்ணுற மெசினத் தூக்கிக்கொண்டு ஊர் ஊரா, நாடு நாடாத் திரிஞ்ச ஆள். ஏப்ரல் 11 இவர்ட பெரிய நாள், 1902ல மிலான்ல ஒரு ஹோட்டல் அறைக்குள்ள கருஸோ எண்ட இத்தாலிப் பாட்டுக்காரன வெச்சுப் பத்துப் பாட்டுப் பதிஞ்ச நாள். சம்பளம் 100 பவுண். லண்டனுக்குத் தந்தி அடிச்சுக் கேட்டா அவங்க இவ்வளவு காசு குடுக்க ஏலா, பதிய வேணாம் எண்டுட்டாங்களாம், இவர் கேக்காமப் பதிஞ்சிட்டாராம், மறுகா அந்தப் பத்துப் பாட்டாலதான் கம்பனிக்குப் பேர் வந்தது. மேலிடத்துக் கடிதத்த மேசை லாச்சிக்குள்ள போட்டுட்டு வேலையப் பாக்கிற ஆக்கள் எங்கட கந்தோர்லயும் ரெண்டு பேர் இரிக்காங்க, ஆனா அவங்களால ஒருத்தருக்கும் பேர் வரல்ல.

நாய்ட கதையையும் போட்டன். அதுட பேர் நிப்பர், செத்தது 1895ல. கம்பனி படத்த வாங்கினது 1899ல, அப்ப நாய் மண்ணுக்குள்ள போய் நாலு வருசம். பிரான்சிஸ் பராட் எண்ட ஓவியர் முதல் கீறினது உருளை வெச்சுப் பாடுற வேற கம்பனி மெசின். எங்கட மெசின அதுக்கு மேல கீறித்தாங்க, வாங்குறம் எண்டு இவங்க சொல்லி, அவரும் பழசுக்கு மேல பூசிக் குடுத்தார். படத்துக்கு 50, உரிமைக்கு 50, எல்லாமா 100 பவுண். அப்ப கருஸோவும் நாயும் ஒரே விலை. கொப்பியில பக்கத்துப் பக்கத்தில எழுதினதாலதான் எனக்கே இது விளங்கின. அந்த ஸ்டேட்டஸ்ஸப் பாத்துட்டு கத்தார்ல இரிக்கிற மச்சான் எழுதினான், நாய் ஒரு பாட்டும் பாடல்லயே, அதுதான் கெட்டிக்காரன் எண்டு.

ஜூலை 20, 1921, லண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில கம்பனிட கட திறந்த நாள். நவம்பர் 12, 1931, இவங்க பாட்டுப் பதியிற அபி ரோட் ஸ்டூடியோ திறந்த நாள். ரெண்டுக்கும் வந்தது எட்வர்ட் எல்கார் எண்ட இங்கிலாந்து இசையமைப்பாளர்தான். எங்கட ஊர்ல பாலர் பாடசால விளையாட்டுப் போட்டிக்கும் சந்தைக் கட்டிடத்துக்கும் ஒரே பிரதம அதிதி வாற மாதிரி. அதே 1931லதான் இவங்களும் கொலம்பியாக் கம்பனியும் சேந்து இஎம்ஐ எண்ட ஒரே கம்பனி ஆகினது, அதால கொலம்பியா எண்டு போட்ட றெக்கோட்டையும் நான் இந்தக் கணக்குக்குள்ள சேத்துக்கிட்டன். பாட்டுக்காரங்கட நாளையும் சேத்த. அதுல மார்ச் 24தான் என்னைக் கஷ்டப்படுத்தின, டிஎம்எஸ் பிறந்த நாள் அது, சீர்காழி கோவிந்தராஜன் 1988ல மோசம் போனதும் அதே நாள். சிரிச்ச முகம் போடுறதா அழுற முகம் போடுறதா எண்டு யோசிச்சு ஒண்டும் போடாம ரெண்டு பேர்ட பேரையும் மட்டும் போட்டன்.

வைகாசி வர கொப்பியில வெறும் பக்கங்கள் கூடிட்டு. கம்பனிக்கு ஒவ்வொரு நாளும் ஒண்டு நடக்குமா என்ன. இன்னொண்டும் மனசுக்குள்ள குத்திக்கொண்டே கிடந்த. எல்லாம் திறந்த நாள், சேந்த நாள், வித்த நாள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில டம்டம்ல அச்சடிச்ச தட்டு கடல் தாண்டி, கொழும்பு தாண்டி, மட்டக்களப்புப் பக்கம் எங்கட களுவாஞ்சிக்குடிக்கு வந்து ஒரு புளியமரத்துக் குழாயால பாடின நாள் அந்தக் கணக்குல எங்கயும் இல்ல.

அது இருந்த இடம் பெரியப்பாட வீடு.

பெரியப்பா லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். 1958ல இருந்து. கோயில் சடங்கு, கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாத்துக்கும். மரத்தில கட்டுற குழாய் ரெண்டு, அம்ப்ளிபயர், கார் பற்றரி, றெக்கோட் பெட்டி. இப்ப 86 வயசு, காது கொஞ்சம் மந்தம், ஆனா வாய் மந்தமில்ல. வெறும் பக்கத்த நிரப்ப ஒண்டும் இல்லாம ஒரு ஞாயிற்றுக்கிழம போய் அவர்ட றங்குப்பெட்டியத் திறந்தன். உள்ளுக்கு றெக்கோட் எல்லாம் மண்ணிறக் கடதாசிக் கவருக்குள்ள. ஒவ்வொரு கவர்லயும் நீலப் பேனையால, நெருக்கி நெருக்கி, கோழி கிளறின எழுத்துல கணக்கு.

"5.6.61. அம்மன் குளுத்தி. மூண்டு தரம். ஊசி 3."

"22.8.64. மண்டூர்த் தீர்த்தத்துக்குக் கொண்டு போகக்க பாதையில விழுந்து விளிம்பு உடைஞ்ச. பாட்டுத் தப்பின."

பாதை எண்டா றோட்டு இல்ல, வெளியூர் ஆக்கள் தப்பா விளங்கிடாதீங்க. குருமண்வெளித் துறையில இருந்து வாவியத் தாண்டி மண்டூருக்குச் சனத்தையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு போற மிதப்புக்குத்தான் நாங்க பாதை எண்டு சொல்ற. அந்த றெக்கோட்டக் கையில எடுத்துப் பாத்தன். பத்து அங்குலத் தட்டு, கறுப்பு, நினைச்சதை விடப் பாரம். விளிம்புல ஒரு சில்லு, பெருவிரல் நகமளவு, பிறை மாதிரிப் போயிரிக்கு. உடைஞ்ச இடம் பளபளப்பு இல்லாமச் சாம்பல் நிறம், தொட்டா கல்லு மாதிரிச் சொரசொரப்பு. இது பிளாஸ்டிக் இல்ல, அரக்கு. மரத்தில அரக்குப் பூச்சி வைக்கிற பிசினோட கல்லுத்தூளும் சேத்து அமத்தினது. சில்லுப் போனது முதல் நாலஞ்சு வரிக்கோட்டோட நிண்டதால ஊசியக் கொஞ்சம் உள்ளுக்கு வெச்சா வாத்தியம் பாதியில தொடங்கிப் பாட்டு முழுசா வரும். அதத்தான் மனிசன் "பாட்டுத் தப்பின" எண்டு எழுதியிரிக்கார்.

ஊசிக் கணக்கு ஏன் எண்டு கேட்டன். "உருக்கு ஊசி புள்ள. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. சிக்கனம் பாத்து அதே ஊசியால மத்தப் பக்கமும் போட்டா ஊசி தேயாது, பாட்டுத் தேயும்" எண்டார். ஒரு பக்கம் மூண்டு நிமிசம் சொச்சம். விடிய விடியச் சடங்கு எண்டா எத்தின ஊசி எண்டு நீங்களே கணக்குப் பாருங்க. அவரோட போன பொடியன்மாருக்கு அதுதான் வேல, ஊசி மாத்துற, சாவி குடுக்கிற, நித்திர கொள்ளாம இரிக்கிற.

அண்டையில இருந்து என்ட கொப்பியில ரெண்டு நிறம். கம்பனி நாள் கறுப்பு, பெரியப்பாட நாள் நீலம். செப்டம்பர் 16ல கறுப்பு எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த நாள், 1916, பத்து வயசுல எச்எம்விக்கு முதல் தட்டுப் பாடின புள்ள அது. டிசம்பர் 16 கம்பனி நாள் இல்லத்தான், ஆனா விட மனமில்ல, 1925ல கொழும்பு வானொலி முறையாத் தொடங்கின நாள். அதுக்கு முதலே எட்வர்ட் ஹார்ப்பர் எண்ட தந்தி இஞ்சினியர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்ட சாமான்களைப் பொருத்தி ஒரு மெசின் செஞ்சு, தந்திக் கந்தோர்ல ஒரு சின்ன அறைக்குள்ள இருந்து கிராமபோன் பாட்டத்தான் காத்துல விட்டவர். எங்கட நாட்டுக் காத்துல றேடியோவால முதல் வந்த பாட்டே தட்டுலதான் வந்திரிக்கு.

எம்.எஸ். அம்மா மோசம் போனது 2004 டிசம்பர் 11. அதுல இருந்து பதினஞ்சாம் நாள் கடல் வந்த. அந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல கிடக்கிற பக்கங்களில நான் ஒண்டும் எழுதல்ல, எழுதவும் மாட்டன்.

இப்ப நவம்பருக்கு வாறன், நான் பிழை விட்ட மாசம். நவம்பர் 2ம் திகதி ஸ்டேட்டஸ்ல "இண்டைக்குத்தான் 1902ல கல்கத்தாவில கோஹர் ஜான் எண்ட பாட்டுக்காரி தட்டுக்குப் பாடின நாள்" எண்டு போட்டுட்டன், ஒரு இடத்தில அப்பிடிக் கிடந்த. பத்து நிமிசத்தில ஆரையம்பதியில இரிக்கிற ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒராள் வொயிஸ் அனுப்பினார், மூண்டரை நிமிசம், ஒரு றெக்கோட் பக்கத்தளவு. 2 இல்ல மகள், 11. அதுக்கு முதல் 8ம் திகதி சசிமுகி, பணிபாலா எண்டு ரெண்டு நாடகக் கொட்டகைப் புள்ளைகள் பாடினவங்க, அதுதான் இந்தியாவுல அந்தக் கம்பனிட முதல் பதிவு, அவங்களை ஒருத்தரும் நினைக்கிறல்ல எண்டு. திருத்திப் போட்டன், 8லயும் ஒண்டு, 11லயும் ஒண்டு. அந்தப் பதிவையும் செஞ்சது அதே கைஸ்பெர்க்தான், மிலான்ல இருந்து ஏழு மாசத்துக்குள்ள கல்கத்தா.

கோஹர் ஜான்ட பாட்டு முடியிற இடத்தில அவ "மை நேம் இஸ் கோஹர் ஜான்" எண்டு கத்துவா. கேட்டா பெருமை அடிக்கிற மாதிரி இரிக்கும். பெருமையும் இரிக்கலாம், ஆனா விசயம் வேற. பதிஞ்சதக் கப்பல்ல ஏத்தி ஜெர்மனியில ஹனோவருக்கு அனுப்பித்தான் தட்டு அடிச்ச. அங்க இரிக்கிறவனுக்கு இந்தக் குரல் ஆர்ட, எந்தத் தட்டுல எந்தப் பேர லேபல்ல ஒட்டுற எண்டு தெரியாதே, அதுக்குத்தான் பாட்டுக்குள்ளயே பேரச் சொல்லி வெச்ச.

இதப் பெரியப்பாட்ட போய்ச் சத்தமாச் சொன்னன், காது மந்தம்தானே. அவர் சிரிச்சுப்போட்டு, "எல்லாரும் அப்பிடிக் கத்தியிருந்தா நானும் பிழைச்சிருப்பன்" எண்டார்.

அது 1978 சூறாவளிக் கதை. நவம்பர் 23. மட்டக்களப்பில அந்தத் திகதிய ஆருக்கும் விளக்கத் தேவல்ல, அதுக்கு முதல் பிறந்ததா பொறகு பிறந்ததா எண்டுதான் அப்ப புள்ளைகளுக்கு வயசு சொன்ன. காத்துத் தொடங்க முதலே பெரியப்பா றெக்கோட்ட எல்லாம் பெட்டிக்குள்ள அடுக்கிக் கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டார். கூரை போயிட்டு. மழையெல்லாம் வீட்டுக்குள்ள. சனத்தையும் மாட்டையும் பாத்துட்டு மூண்டாம் நாள்தான் பெட்டியத் திறந்த. தட்டு ஒண்டும் கரையல்ல, ஆனா நடுவுல ஒட்டியிருந்த லேபல் எல்லாம் ஊறிக் கழண்டு, தண்ணிக்கு மேல வட்டம் வட்டமா மிதந்ததாம். பெட்டித் தண்ணிக்கு மேல அம்பது அறுபது நாய், ஒண்டும் எந்தத் தட்டுட எண்டு தெரியா. பெரியம்மா பாவம் எண்டு பத்துப் பன்னிரண்டு தட்ட வெயில்ல காய வெச்சா, அரக்கு இளகி அப்பச்சட்டி மாதிரிக் குழிஞ்சிட்டு. மிச்சத்த இவர் பாயில நிழல்ல பரப்பினார்.

பேரில்லாத தட்டு 38. ஒண்டொண்டாப் போட்டுக் கேட்டுப் புதுக் கவர்ல பேர் எழுதினார், கவர் எல்லாம் கூழாப் போனதால பழைய கணக்கையும் நினைவுல இருந்து திரும்ப எழுதினாராம். நான் ஆசையா வாசிச்ச "பாதையில விழுந்த" கவரும் பழைய கவர் இல்ல, 78க்குப் பொறகு எழுதினது. அதக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சப்பெண்டு போன. "அப்ப திகதியெல்லாம் சரியா பெரியப்பா?" எண்டு கேட்டன். "மண்டூர்த் தீர்த்தம் பிழைக்குமா? ஊசிக் கணக்குத்தான் கொஞ்சம் முன்னப் பின்ன இரிக்கும்" எண்டார். புதுசா வாங்கவும் இல்ல, 77க்குப் பொறகு கடையெல்லாம் கஸெட் வந்திட்டு, கஸெட்டுக்கு ஊசியும் தேவல்ல பொடியனும் தேவல்ல.

38ல 35க்குப் பேர் வந்த. மூண்டு இன்னும் வெறும் கவருக்குள்ள கிடக்கு. எடுத்து ஒளிச்சு வெச்சுக்கொண்டு இரிக்கிறதில என்ன எண்டு இந்த நவம்பர் 23 அவர்ட பழைய மெசின மேசையில ஏத்தினம். நாய்ப் படம் போட்ட ஊசித் தகர டப்பா, மூடி கறள் பிடிச்சு இறுகி, கத்தி விட்டுக் கிளப்பின. ஒவ்வொரு தட்டுலயும் பத்துப் பதினஞ்சு செக்கன் போன்ல பிடிச்சு ஸ்டேட்டஸ்ல போட்டன், இது ஆர் எண்டு சொல்லுங்க எண்டு. பின்னேரம் வரைக்கும் கன பேர் கன பேர் சொன்னாங்க, ஒண்டுக்கொண்டு பொருந்தல்ல. மாஸ்டர் மூண்டு வொயிஸ் அனுப்பினார், மூண்டுலயும் வேற வேற பேர்.

பொழுதுபடச் செட்டிபாளையத்தில இரிக்கிற கூட்டாளி ஒருத்தி போன் எடுத்தா. அவட அம்மம்மா ரெண்டாவது பாட்டக் கேட்டுட்டு எழும்பி இருந்திட்டாவாம். படம் தெரியா, பாடினது ஆர் எண்டும் தெரியா. ஆனா அவட கலியாணத்தில, மாப்பிள வீட்டுக்காரங்க படலையால உள்ளுக்கு வரக்க மரத்துக் குழாயில போனது இதுதானாம். அடுத்த ரெண்டு வரியப் போன்லயே பாடினா, நான் ஸ்டேட்டஸ்ல போடாத வரி, தட்டுல போட்டுப் பாத்தா அப்பிடியே அச்சொட்டா வருது.

கொப்பியில 23ம் பக்கத்தில நீலத்தில எழுதினன்: பேர் தெரியா, செட்டிபாளையம், கலியாண வீடு. வருசம் கேட்டுச் சொல்றன் எண்டிரிக்கா. பெரியப்பாட்ட ஓடிப்போய்ச் சொல்ல, மனிசன் முழுக்கக் கேட்டுட்டு, "சரி, ரெண்டாம் தரம் போடக்க ஊசி மாத்தினயா?" எண்டார்.

மாத்தல்ல.